கிணற்றில் இறக்கிய ஷாம்பேன்

எங்கள் கடையில் இல்லாத சாமான் உலகத்துக்கே தேவையில்லாத சாமான் என்பது என் தகப்பனாரின் கொள்கை. மடத்துவெளியில் பிறந்து, கொழும்பில் மாமன் கடையில் தராசு பிடிக்கப் பழகி, பிறகு ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் போகிற தெருவிலே சொந்தமாகக் கடை போட்டவர் அவர். கயிறு, மண்ணெண்ணெய், வெங்காயம், பூட்டு, பிள்ளைப்பேற்று மருந்து என்று எல்லாம் வைத்திருந்தோம். அவர் கண்ணை மூடியபின் கடை என் கைக்கு வந்தது; கொள்கையும் அதோடு சேர்ந்து வந்தது. ஆனால் அறுபத்துநாலாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, கரம்பொன் ஊர் வின்சன்ற் எங்கள் கடையின் பின்னறைக்குள் வந்து, அரிசி மூட்டைக்கு மேலே ஒரு சாரத்துணிச் சுருளை வைத்து மெல்ல விரித்தபோது, நாங்கள் ஒருநாளும் விற்றிராத ஒரு சாமானை நான் கண்டேன்.

கரும்பச்சைப் போத்தல். தோள் அகன்று, அடி உள்ளே குழிந்து, கழுத்தில் தங்கத்தாள் சுற்றியிருந்தது. தாளுக்குக் கீழே தக்கையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். சாராயப் போத்தலைவிட நல்ல பாரம்.

"ஷாம்பேன்," என்றான் வின்சன்ற்.

"என்ன விலை?" என்றேன். என் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதான்.

"விக்கிறதுக்கில்லை, தியாகு. என்ரை பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் என்ரை கையாலை கொக்டெயில் கலந்து எல்லாருக்கும் குடுக்கவேணும். கிறேஸ் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா."

சொல்லிவிட்டு அரிசி மூட்டையில் இருந்தான். பெரும் விலை கொடுத்து வாங்கின பொருளை வைத்திருக்கிறவன் முகம் அப்படியிருக்காது. கள்ளச் சாமானோடு சுங்கக்காரனுக்கு முன்னால் நிற்கிறவன் முகம் அது.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தீவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வின்சன்றும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கலியாணம் முடித்த அடுத்த வருடம், ஐம்பத்தாறில், அவன் கொழும்புக்குப் போய் ஒரு பயணிகள் கப்பலில் ஏறினான். கப்பல் உத்தியோகம் கிடைத்தால் இரண்டு வருடத்தில் வீட்டுக் கூரைக்கு ஓடு வந்துவிடும் காலம் அது. இவன் வீட்டுக்கும் ஓடு வந்தது. ஓட்டைவிடப் பெரிய புகழ் அவன் கடிதங்களால் வந்தது. மாதம் ஒரு கடிதம். அவன் மனைவி கிறேஸ் அதைத் தபாற்கந்தோரில் வாங்கிக்கொண்டு நேரே எங்கள் கடைக்கு வருவாள். உப்பு வாங்குகிற சாட்டில் நின்று, கடையில் நிற்கிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். மேல்தட்டில் வின்சன்ற் 'பார் சீஃப்' ஆக நிற்பது, ஒரு சீமாட்டி வின்சன்ற் கலந்தால்தான் வாயில் வைப்பேன் என்று அடம்பிடித்தது, கப்பல் கப்டன் தோளில் தட்டியது. கேட்டுக்கொண்டு நிற்கிற சனம் வாங்க வந்ததை மறந்துவிடும். வியாபாரத்துக்கு நட்டம்தான். இருந்தாலும் அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் ஒருநாளும் இடையில் நிறுத்தியதில்லை.

அறுபத்தொன்றில் ஒருமுறை, மாமன் கடைச் சாமான் இறக்கவென்று நான் கொழும்பில் அந்தக் கப்பலுக்குள்ளே போனேன். மேல்தட்டு பாரில் நின்றவர் டிமெல்லோ என்ற கோவாக்காரர். வின்சன்றைக் கேட்டபோது அவர் கையைக் கீழே காட்டினார். மூன்று தட்டு இறங்கினேன். ஆவி பறக்கிற ஒரு சின்ன அறையில், முழங்கை வரை சவர்க்கார நுரைக்குள்ளே கைகளை விட்டுக்கொண்டு நின்றான் எங்கள் பார் சீஃப். கிளாஸ் கழுவுகிறவன்.

"கிறேசுக்குச் சொல்லிப்போடாதை," என்றான்.

பொய் சின்னதாகத்தான் தொடங்கியது. முதல் வருடம் ஒருநாள் பாரில் ஆள் போதாமல் இவனைக் கூப்பிட்டு ஒரு தட்டத்தைத் தூக்கச் சொன்னார்கள். 'இன்று நான் பாரில் நின்றேன்' என்று எழுதினான். பொய்யில்லை. அதை வாசித்துவிட்டுக் கிறேஸ் நாலு பக்கத்தில் பதில் போட்டாள். அதற்குப் பிறகு இவனால் கிளாஸ் கழுவுகிற தொட்டிக்குத் திரும்பிப் போக ஏலாமல் போய்விட்டது. கையால் போனான், கடிதத்தால் போகவில்லை.

"அப்ப என்ன பேய்க்கு இந்தப் போத்தலைக் கொண்டந்தனீ?" என்று இப்போது பின்னறையில் கேட்டேன்.

அவன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எட்டு வருசமா வெறுங்கிளாஸ்தான் மச்சான் என்னட்டை வரும். அடியிலை கொஞ்சம் பொன்நிறமா ஒட்டிக்கொண்டு, விளிம்பிலை உதட்டுச் சாயத்தோடை. நிரம்பின கிளாஸ் ஒண்டும் என்ரை வழியாலை போனதில்லை. ஒருக்கா, ஒரேயொரு கிளாஸை நிரப்பிக் கிறேசின்ரை கையிலை குடுக்கவேணும் எண்டு ஆசை. இரண்டு மாதச் சம்பளத்திலை மிச்சம் பிடிச்சு டிமெல்லோவிட்டை வாங்கினனான்."

"ஒரு போத்தல்தானே?"

"ஒண்டுதான். நான் என்ரை வாழ்க்கையிலை ஒருநாளும் ஷாம்பேன் திறந்ததில்லை."

"பிழைச்சுதெண்டால்?"

"சனம் சிரிச்சால் சிரிக்கட்டும். ஏழை எண்டு கிறேஸ் என்னை ஒருநாளும் குறைவாப் பாத்ததில்லை, தியாகு. ஆனா எட்டு வருசமா அவவின்ரை வாயாலை ஊருக்குப் பொய் சொல்லுவிச்சிருக்கிறன். அது தெரிஞ்சுதெண்டால் அவ என்ரை முகத்தைப் பாக்கமாட்டா."

அந்த நேரம் பார்த்து முன்கடையில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அம்பலவாணர். முப்பது வருடம் மலாயாவில், ஈப்போ நகரத்தில், றெயில்வே கிளாக்கராக இருந்து, பென்சனோடு கரம்பொனுக்குத் திரும்பிய மனிதர். எங்கள் ஊரில் நடக்கிற எல்லாவற்றையும் அவர் ஈப்போவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறைவாகக் கண்டுகொள்வார்.

"வின்சன்ற் வந்திட்டானாம், மெய்யே?" என்றார். அவன் வெளியே வந்து கும்பிட்டான். "ஓம் தம்பி, கிறேஸ் சொன்னவ. ஷாம்பேன் கொக்டெயிலாம். நான் குடிச்சிருக்கிறன் காணும். ராசாவின்ரை முடிசூட்டு விழாவுக்கு ஈப்போ கிளப்பிலை. தக்கை பறந்த வேகத்திலை ஒரு வெள்ளைக்காரன்ரை தொப்பி கழண்டு விழுந்தது. சத்தம் எண்டால் அது சத்தம். நுரை எண்டால் அது நுரை. ஞாயிற்றுக்கிழமை பாப்பம், உம்மடை கைவரிசையை."

"ஓம் ஐயா," என்றான் வின்சன்ற்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞானஸ்நானத்துக்கு வரப்போகிற சனத்தில் இந்தச் சாமானை அறிந்தவர் ஒரேயொருவர். அந்த ஒருவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கப் போகிறவர்.

அடுத்த மூன்று நாளும் மத்தியானத்தில் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பின்னறையில் ஒத்திகை பார்த்தோம். டிமெல்லோ ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்திருந்தார். கிளாசுக்கு அடியில் ஒரு கட்டிச் சீனி. அதில் மூன்று துளி பிற்றர்ஸ்; அந்தக் கசப்புச் சாறு ஒரு சின்னப் போத்தலில் வின்சன்றின் பெட்டியில் வந்திருந்தது. அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி பிறண்டி. பிறகு கிளாஸைச் சரித்துப் பிடித்து ஷாம்பேனைச் சுவரோடு வழிய விடவேண்டும். கடைசியில் தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலில் ஒரு கீற்று, முறுக்கிப் பிழிந்து விளிம்பில் தொங்கவேண்டும்.

கட்டிச் சீனி எங்களிடம் இல்லை. கற்கண்டு இருந்தது, அதில் அளவான கட்டிகளாக நான் பொறுக்கி எடுத்தேன். கிளாசுக்குத்தான் பாடு. அகன்ற வாயும் ஒற்றைக் காலுமாக இருக்கவேண்டுமாம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் கூல்பார் வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் ஐஸ்கிறீம் குடுக்கிற கண்ணாடிக் கிண்ணம் எட்டு இரவல் கேட்டேன். அவர் வாடகை கேட்டார். நான் போன வருடம் அவர் மகளின் கலியாணத்துக்கு இரவல் குடுத்த பெரிய சோற்றுக் கிடாரத்தை ஞாபகப்படுத்தினேன். கிண்ணம் வந்தது.

ஷாம்பேனுக்குப் பதிலாக, கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைத்த போளைச் சோடாவும் தேயிலைச் சாயமும் கலந்து ஊற்றிப் பழகினான். முதல்நாள் பொங்கி வழிந்தது. இரண்டாம் நாள் கற்கண்டு கரையவில்லை. குளிர்ச்சிக்காக மீன்வாடியில் ஒரு கட்டி ஐஸ் வாங்கி, மரத்தூளைக் கழுவி உடைத்துப் போட்டோம். குடித்துப் பார்த்தேன்.

"எப்பிடி?" என்றான்.

"சூடை மீன் நல்ல புதுசு," என்றேன்.

ஐஸ் வேண்டாம் என்று முடிவானது. கரம்பொனில் வின்சன்ற் வீட்டுக் கிணறு ஆழம், நல்ல தண்ணீர், சித்திரையிலும் பல்லுக் கூசும். சனிக்கிழமை பின்னேரமே போத்தலை ஈரச்சாக்கில் சுற்றி வாளியோடு இறக்கி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். மூன்றாம் நாள் ஒத்திகை பிசகில்லாமல் வந்தது. ஆனால் நான் கவனித்த ஒன்றை அவனுக்குச் சொல்லவில்லை. ஊற்றுகிற நேரம் போத்தல் வாய் கிண்ண விளிம்பில் டக்டக்கென்று தட்டியது. கிண்ணத்தைத் துடைக்கிற நேரம் அவன் கையைப் பார்க்க வேறு ஆளின் கை மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கோயிலில் ஞானஸ்நானம் முடிந்தது. மூன்று மாதப் பிள்ளைக்கு மார்கிரட் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் வரட்டும் என்று இவ்வளவு நாள் காத்திருந்ததில் சுவாமியாருக்குக் கொஞ்சம் கோபம். கலியாணமாகி ஒன்பதாம் வருடம் வந்த பிள்ளை என்பதால் கோபத்தைக் கேக்கோடு விழுங்கிவிட்டு வேளைக்கே போய்விட்டார்.

விறாந்தையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. சுற்றிவரக் கதிரைகள். இருபது பேர் வரையில் இருந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கென்று நான் கொண்டுபோன சோடாப் பெட்டி மூலையில் இருந்தது. அம்பலவாணர் கோட்டுப் போட்டு வந்து முன்கதிரையில் இருந்தார். கிறேஸ் நீல ஜோர்ஜெற் சேலையில், நெற்றியோரத்துச் சின்னத் தழும்பை மறைத்துத் தலையை வாரி, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றாள். அவளுடைய தாய் பிலோமினம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படிக் குசினி வாசலோடு இருந்தார்.

அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தோடம்பழத் தோல் வாசம் வரும். வேலியில் சூரியன் சாய்ந்து, கடற்காற்று விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அந்தக் கப்பலையும் இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்களாம்.

வின்சன்ற் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக வந்தான். எட்டுக் கிண்ணத்தையும் வரிசையாக வைத்தான். தோளில் கிடந்த லினன் துணியை எடுத்து, ஒவ்வொன்றாக வாயால் ஊதி, துணியின் ஒரு முனையை உள்ளே விட்டு மறுமுனையால் வெளியே பிடித்து, ஒரு திருப்புத் திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து வைத்தான். விரல் கண்ணாடியில் படவேயில்லை. நாலாவது கிண்ணம் வரையில் பேச்சுச் சத்தம் தானாக அடங்கிவிட்டது. ஐஸ்கிறீம் கிண்ணம் ராசா வீட்டுப் பாத்திரம் மாதிரி நின்றது. கிறேஸ் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கற்கண்டு போட்டான். பிற்றர்ஸ் மூன்று துளி. கற்கண்டு செம்மண் நிறமானது. பிறண்டி. பிறகு கிணற்றடிக்குப் போய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஈரச்சாக்கு சொட்டியது.

"காதைப் பொத்திக்கொள்ளுங்கோ," என்றார் அம்பலவாணர் எல்லோரையும் பார்த்து. பிள்ளைகள் பொத்திக்கொண்டார்கள்.

வின்சன்ற் தங்கத்தாளை உரித்தான். கம்பியைப் பிடித்தவுடன் அவன் முகம் மாறியதைக் கண்டேன். கம்பி தளர்ந்திருந்தது. தக்கையின் பக்கங்களை யாரோ கத்தியால் சீவி ஒல்லியாக்கியிருந்தார்கள். துணியை மேலே போட்டு மெல்லத் திருகினான். இருமல் மருந்துப் போத்தலின் மூடி கழலுகிற மாதிரி ஒரு சத்தமுமில்லாமல் தக்கை கையோடு வந்தது.

சனம் காத்திருந்தது. சத்தம் இனித்தான் வரும் என்று நினைத்தார்களாக்கும். பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன காணும்?" என்றார் அம்பலவாணர்.

அப்போது குசினி வாசலிலிருந்து பிலோமினம்மா சந்தோஷமாகச் சொன்னார்: "ஒருத்தரும் பயப்பிட வேண்டாம். காஸ் எல்லாம் நான் நேற்றே வெளியிலை போகவிட்டிட்டன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன அம்மா சொல்லுறியள்?" என்றாள் கிறேஸ்.

"பிள்ளை இருக்கிற வீடெல்லே மோனை. கம்பியாலை கட்டியிருக்கேக்கையே விளங்கிச்சு, வெடிக்கிற சாமான் எண்டு. பனையிலை இறக்கின கருப்பநீரைச் சுண்ணாம்பு போதாமல் போத்தலிலை அடைச்சு வைச்சு, அது புளிச்சுப் பொங்கி வெடிச்சுத்தானே உன்ரை நெற்றியிலை உந்தக் காயம் வந்தது. அதுக்குப் பிறகு நான் மூடியைத் தளர்த்தாமல் ஒரு போத்தலும் வைக்கிறேல்லை. மருமோன் நேற்றுப் பின்னேரம் கோயிலிலை பாவசங்கீர்த்தனம் செய்யப் போன நேரம் வாளியைத் தூக்கி, சாக்காலை பொத்திக்கொண்டு திறந்தன். புஸ்ஸெண்டு சீறிச்சு, அம்மாடி! நல்லகாலம் நான் கண்டது. சீலைத்துணியாலை வாயைக் கட்டி விடியும்வரைக்கும் ஆற விட்டன். காலமைப் பூசைக்குப் போக முந்தித் தக்கையைச் சீவி அடிச்சு, தங்கத்தாளையும் சுத்தி, திரும்பக் கிணத்துக்கை இறக்கினன்."

எங்கள் தீவுகளில் பனைமரத்தோடு வளர்ந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். போத்தலுக்குள் பொங்குகிற நீர் என்றால் மூச்சு விடவேண்டும். அதைப் பிரான்சுக்காரன் வேண்டுமென்றே அடைத்து வைத்து விற்கிறான் என்று யார் கண்டது?

நான் வின்சன்றைப் பார்த்தேன். என் வியாபார மூளை அந்த இடத்திலேயே துள்ளியது. இதைவிட நல்ல சாட்டு ஒருவனுக்குக் கிடைக்குமா? 'என்ன செய்யிறது, மாமி கெடுத்துப்போட்டா' என்று ஒரு வார்த்தை. இனி ஒருவரும் அவனைச் சோதிக்கப் போவதில்லை. அடுத்த எட்டு வருடத்துக்கும் பார் சீஃப் பார் சீஃப்தான். கண்ணால் சாடை காட்டினேன். சொல்லடா என்றேன் உள்ளுக்குள்.

அதற்குள் அம்பலவாணர் தொடங்கிவிட்டார். "பிலோமினம்மா, நீர் செய்த வேலை என்ன தெரியுமே? உது என்ன கள்ளுப் போத்தலே? காஸ் போனால் ஷாம்பேனிலை என்ன கிடக்கு? உவன் மாதக்கணக்காக் கப்பலிலை உழைச்ச காசு. நாலெழுத்துத் தெரியாட்டில் தெரிஞ்ச ஆக்களைக் கேக்கவேணும். ஈப்போவிலை எண்டால் உப்பிடி நடந்திருக்குமே?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். பிலோமினம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பிள்ளையைக் கிட்ட அணைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது மோனை… பிள்ளைக்குப் பட்டிடும் எண்டுதான்…" என்றார். எழும்பிக் குசினிக்குள் போகப் பார்த்தார்.

"மாமி, இருங்கோ," என்றான் வின்சன்ற். "நீங்கள் செய்தது சரி. கப்பலிலையும் வயது போன ஆக்களுக்கு முதலே திறந்து ஆறவிட்டுத்தான் குடுக்கிறது."

"ஆர் குடுக்கிறது?" என்றார் அம்பலவாணர். "எனக்குக் கதை விடாதையும். எந்த பார் சீஃப் உப்பிடிச் செய்வான்?"

வின்சன்ற் போத்தலை மேசையில் வைத்தான்.

"எந்த பார் சீஃபும் செய்யமாட்டான் ஐயா. ஆனா எனக்கு அந்த வேலை தெரியாது. நான் பார் சீஃப் இல்லை. நான் கிளாஸ் கழுவுறனான்."

காற்று விரிப்பைத் தூக்கிப் போட்டது.

"எட்டு வருசமாக் கிளாஸ்தான் கழுவுறன். ஒரு போத்தலும் நான் திறந்ததில்லை. இண்டைக்கு இதுக்குள்ளை காஸ் இருந்திருந்தால் ஆரின்ரையோ கண்ணைப் பறிச்சிருப்பன். மாமி காப்பாத்திப் போட்டா. காயிதத்திலை எழுதினது எல்லாம் பொய். கிறேசுக்கு ஒண்டும் தெரியாது. அவவை ஒருத்தரும் பிழை சொல்லக்கூடாது."

இதையெல்லாம் அம்பலவாணருக்குச் சொன்னான். கிறேசின் பக்கம் திரும்ப அவனால் ஏலவில்லை.

கிறேஸ் கேக் வெட்டுகிற கத்தியோடு நின்றாள். முகம் சிவந்து, வெளிறி, மறுபடி சிவந்தது. எட்டு வருடத்துக் கடிதம், எத்தனை பேருக்கு, எத்தனை தரம் வாசித்தாள் என்று அவள் மனதுக்குள் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். கத்தியை வைத்தாள். நேரே என்னிடம் வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ச் சோடாப் பெட்டியில் ஒரு போத்தலை எடுத்தாள். பெருவிரலால் போளையை ஒரே அமத்து. டப்பென்று இறங்கியது.

"சத்தம் வேணுமெண்டு நிண்டவை கேட்டாச்சுத்தானே?" என்றாள் அம்பலவாணரைப் பார்த்து. பிறகு புருஷனைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, அதை ஊத்துங்கோ. முக்காவாசிக்கு ஊத்தினால் போதும்."

வின்சன்ற் ஊற்றினான். போத்தல் வாய் ஒருக்காலும் விளிம்பில் தட்டவில்லை. பொங்காத ஷாம்பேன் அமைதியாகக் கிண்ணத்தின் சுவரில் வழிந்து, கற்கண்டைச் சுற்றிப் பொன்நிறமாகத் தேங்கியது. அதன்மேல் கிறேஸ் சோடாவை விட்டாள். கற்கண்டின் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஊசிமுனை அளவில் குமிழிகள் நூல்நூலாக மேலே ஏறத் தொடங்கின. சாய்ந்த வெயில் அதற்குள் விழுந்தது. அவன் தோலை முறுக்கினான்; எண்ணெய் ஒரு மினுக்கமாகப் பரவியது. என் காலத்தில் எத்தனையோ பொருளை வெளிச்சத்தில் பிடித்து அழகென்று சொல்லி விற்றிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

முதல் கிண்ணத்தை அவன் கிறேசிடம் நீட்டினான். அவள் வாங்கித் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "குடியுங்கோ அம்மா."

பிலோமினம்மா ஒரு வாய் குடித்தார். "மருந்து மாதிரிக் கிடக்கு," என்றார். இன்னொரு வாய் குடித்தார். "நல்ல மருந்து."

அதோடு சிரிப்பு வெடித்தது. கிண்ணங்கள் கை மாறின. எட்டுக் கிண்ணத்தில் இருபது பேர் குடித்தோம். ஒருவர் குடித்து வைக்க வின்சன்ற் கழுவித் துடைத்துத் திரும்ப நிரப்பினான். பிறண்டியின் சூடு முதலில் வரும், பிறகு ஒரு சின்னக் கசப்பு, பிறகு தோடம்பழம், கடைசியில் கற்கண்டு. பின்னர் நான் கொழும்பில் நல்ல ஹோட்டலில் காசு குடுத்து அசல் சாமான் குடித்திருக்கிறேன். பேரம் பேச ஏலாத விலை, அவ்வளவுதான்.

அம்பலவாணர் தன் கிண்ணத்தை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கைத்தடியைத் தட்டிக்கொண்டிருந்தார். "எட்டு வருசத்திலை எத்தினை கிளாஸ் உடைச்சனீர்?" என்றார் ஒரு மாதிரியாக.

"மூண்டு, ஐயா."

"மூண்டுதானோ?" கிழவருக்கே நம்ப முடியவில்லை. "என்ரை வீட்டிலை மாதத்துக்கு மூண்டு போகுதடாப்பா."

கிறேஸ் மேசையின் மறுகரையில் நின்றாள். இதுவரைக்கும் அவனோடு வேலைக்கான வார்த்தைதான் பேசியிருந்தாள். இப்போது கேட்டாள்:

"எந்தக் கிளாஸ் கழுவுறது கஷ்டம்?"

வின்சன்ற் நிமிர்ந்து பார்த்தான். கேலியோ என்று பார்த்தான். கேலி இல்லை. எட்டு வருடத்தில் அவனுடைய வேலையைப் பற்றி அவளால் கேட்கக்கூடியதாக இருந்த முதல் கேள்வி அது.

"உயரமா, வாய் ஒடுங்கின கிளாஸ் ஒண்டிருக்கு," என்று தொடங்கினான். "கை உள்ளை போகாது. கப்பல் ஆடேக்கை தொட்டியிலை தண்ணி ஒரு கரைக்குப் போகும். அது திரும்பி வாறதுக்குள்ளை கிளாஸைத் தூக்கிப்போட வேணும்…" பிறகு உதட்டுச் சாயம், சூடுதண்ணீரில் போட்டால் அது இன்னும் ஒட்டும், உப்பால் உரஞ்ச வேண்டும். புயலடித்த ஒரு இரவில் ஆறு தட்டம் கிளாஸை மெத்தைக்குள் புதைத்துவிட்டு அதன்மேல் படுத்துக் கிடந்தது. யாரோ ஒரு கிழவி தன் பல்லுச்செட்டைக் கிளாசுக்குள் மறந்து அனுப்பியது. சனம் கதிரைகளைக் கிட்ட இழுத்துப் போட்டது. கடையில் வாசித்துக் கேட்ட சீமாட்டிக் கதையில் ஒருவர்கூட இப்படிச் சிரித்ததில்லை.

இருட்ட முந்தி நான் வெறும் சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசல் படலையில் கிறேஸ் வந்து நின்றாள்.

"தியாகண்ணை. அவர் சொல்லேக்கை நீங்கள் மட்டும்தான் திடுக்கிடேல்லை. உங்களுக்கு முந்தியே தெரியும், என்ன?"

"ஓம்," என்றேன்.

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம்."

"அவர் பொய் சொன்னது வெக்கத்திலை. விளங்குது. அதுக்கு நான் அவரோடை பிறகு ஆறுதலாச் சண்டை பிடிப்பன்." குரல் ஏறவில்லை. "நீங்கள் என்னத்துக்கு என்னை மூண்டு வருசம் கடையிலை நிண்டு வாசிக்க விட்டனீங்கள்?"

சொல்லவேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான் என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. ஊரே நம்புகிற ஒன்றை நான் ஒருவன் மட்டும் அறிந்துகொண்டு தராசுக்குப் பின்னால் நின்று கேட்பதில் எனக்கொரு ருசி இருந்தது. அவளுடைய பெருமையை நான் ரசித்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ரசித்தது வேறு.

பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினேன். பெட்டிக்குள் வெறும்போத்தல்கள் கிணுகிணுத்தன.

"பாத்துப் போங்கோ," என்றாள். படலையைச் சாத்திவிட்டு, கதையின் மிச்சத்தைக் கேட்க விறாந்தைப் பக்கம் விறுவிறென்று திரும்பிப் போனாள்.